டேலியா கிழங்கு முளைக்கவில்லையா, முளைத்தும் தேறவில்லையா? தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

டேலியாவுக்குச் சொந்த ஊர் மெக்சிகோவின் மலைப்பகுதி. பகலில் இதமான வெயில், இரவில் குளிர், காலடியில் தண்ணீர் தேங்காத மண், இவற்றில் வளர்ந்த செடி அது. குளிர் நாடுகளில் உறைபனிக்குப் பயந்து கிழங்கை வீட்டுக்குள் முளைக்க வைக்கிறார்கள். நம் பக்கம் காரணம் வேறு. செப்டம்பர், அக்டோபரில் நட்டால்தான் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பூ பார்க்கலாம். ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரியில் நல்ல மழை பெய்வதும் அந்த மாதங்களில்தான். முளைக்காத கிழங்கு இருக்கும் தொட்டியில் இரண்டு நாள் மழைநீர் தேங்கினால் கிழங்கு கூழாகிவிடும். அதனால் திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ முளைக்க வைத்து, செடி தேறியபின் வெளியே எடுக்கிறோம்.

மழைக்குத் தப்பிய கிழங்கு வீட்டுக்குள் வேறு இரண்டில் மாட்டிக்கொள்கிறது. ஒன்று, நாம் பாசத்தில் ஊற்றும் தண்ணீர். மற்றொன்று, போதாத வெளிச்சம். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டிலிருந்து கிளைத்தவைதான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் மருந்துக் கடைக்குப் போகும் முன் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், கனமா லேசா என்று. பிறகு ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரமா காய்ச்சலா என்று. வாடினாலும் மஞ்சளடித்தாலும், அதிக ஈரத்தில் நிற்கும் செடியும் காய்ந்த செடியும் மேலே ஒரே முகத்தைத்தான் காட்டும். கீழே பார்த்தால்தான் எது என்று தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க, சரியான தொடக்கம்

6 முதல் 8 அங்குலத் தொட்டி, அடியில் குறைந்தது 4 வடிதுளை. முளைக்க வைக்கும் கலவை: கழுவிய தேங்காய் நார்க்கழிவு 2 பங்கு, பருமணல் 1 பங்கு. எம்-சாண்ட் போடுவதானால் சலித்து, மாவு போன்ற தூளை நீக்கிவிட்டுப் போடுங்கள். அந்தத் தூள் ஈரத்தில் சிமெண்ட் பூச்சு மாதிரி இறுகிக் காற்றை அடைத்துவிடும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னும் இரண்டு முறை அலச வேண்டும், அதில் உப்பு இருக்கும். இந்தக் கட்டத்தில் எந்த உரமும் வேண்டாம். முளைக்கத் தேவையான சாப்பாடு கிழங்கிலேயே இருக்கிறது.

கலவையைக் கையில் இறுக்கிப் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. கிழங்கைப் படுக்கவைத்து, கண் (முளை கிளம்பும் புடைப்பு) மேல்பக்கம் இருக்கும்படி, அதன்மேல் 5 செ.மீ. கலவை மூடினால் போதும். வெப்பம் 18 முதல் 25 டிகிரி செல்சியஸ் இருந்தால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் முளை தலைகாட்டும். சில ரகங்கள் ஆறு வாரம்கூட எடுக்கும்.

அறிகுறி: மூன்று, நான்கு வாரமாகியும் முளையே இல்லை

தோண்டிப் பார்ப்பதில் தவறில்லை. ஒரு ஸ்பூனால் மேல் கலவையை ஒதுக்கிவிட்டு, கிழங்கைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்துங்கள்.

கிழங்கு கெட்டியாக இருக்கிறது, கழுத்துக்கு மேலே குண்டூசித் தலை அளவு புடைப்பு தெரிகிறது என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். மூடிவிட்டுக் காத்திருங்கள். அந்தப் புடைப்புதான் கண். சிவந்தோ வெளிர்பச்சையாகவோ இருக்கும்.

கிழங்கு கெட்டி, அடியில் வெள்ளை வேர்கூட விட்டிருக்கிறது, ஆனால் கண் மட்டும் எங்கும் இல்லை என்றால் அது குருட்டுக் கிழங்கு. பலர் ஏமாறுவது இங்கேதான். உருளைக்கிழங்கில் உடம்பெல்லாம் கண் இருக்கும், எந்தத் துண்டை நட்டாலும் முளைக்கும். டேலியா அப்படி இல்லை. மரவள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் யாரும் மரவள்ளிக் கிழங்கைப் புதைத்துச் செடி எடுப்பதில்லை, குச்சியைத்தான் நடுகிறார்கள். டேலியாவின் கிழங்கும் சேமிப்புக் கிடங்குதான். முளைக்கும் உயிர், கிழங்கின் கழுத்து பழைய தண்டோடு ஒட்டிய அந்த ஒரு அங்குல இடத்தில் மட்டும் இருக்கிறது. தண்டின் துண்டு ஒட்டாமல் பிய்த்தெடுத்த கிழங்கு மாதக்கணக்கில் கெட்டியாகவே கிடக்கும், வேர்கூட விடும், முளைக்கவே முளைக்காது. அதற்கு வைத்தியம் கிடையாது. அடுத்த முறை வாங்கும்போது கிழங்கின் பருமனைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள். விரல் தடிமன் கிழங்கானாலும் கழுத்து முறியாமல், தண்டடி ஒட்டியிருந்தால் அது செடியாகும். முழங்கை மொத்தக் கிழங்கு கழுத்து ஒடிந்து தொங்கினால் அது குப்பை.

கிழங்கு சுருங்கி வாடிய கேரட் போல இருந்தால், காய்ந்துபோயிருக்கிறது. இன்னும் வளைந்து கொடுக்கிறதா? அப்படியானால் ஒரு மணி நேரம் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, ஈர நார்க்கழிவில் பொதிந்து, துளையிட்ட பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் வையுங்கள். ஓரளவு ஊறி எழுந்தால் நடலாம். வளையாமல் சுள்ளி மாதிரி ஒடிந்தால் உயிர் போய்விட்டது.

அப்போதுதான் தோண்டிய புதுக் கிழங்காக இருந்தால் அது ஓய்வில் இருக்கக்கூடும். தோண்டியதிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதம் அதை அதன் போக்கில் விட வேண்டும். நீர் ஊற்றி எழுப்ப முடியாது.

வெப்பத்தையும் பாருங்கள். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரி நகரம் ஏறக்குறைய அதில் பாதி உயரம். ஆகவே ஒரே மாதத்தில் இரண்டு ஊருக்கும் பிரச்சினை எதிரெதிர். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் டிசம்பரில் நட்டால், சிமெண்ட் தரையின் குளிர் ஏறித் தொட்டி 15 டிகிரிக்குக் கீழே போகும், முளை தூங்கும். தொட்டியின் அடியில் ஒரு தெர்மாகோல் துண்டோ பலகையோ வைத்தால் போதும். தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் சீட்டுக் கூரைக்கு அடியில் வைத்தால் பகலில் 35 டிகிரியைத் தாண்டிவிடும். அங்கே கிழங்கு முளைப்பதற்கு முன் வெந்து அழுகும். ஓட்டு வீட்டின் உள்ளறை, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இடம் நல்லது. முளை வரும்வரை வெளிச்சமே தேவையில்லை என்பதால் இருட்டறையும் சரிதான்.

அறிகுறி: கிழங்கு கொழகொழப்பாக, நாற்றத்தோடு இருக்கிறது

அழுகல். காரணம் அநேகமாக ஒன்றுதான்: முளை வரும் முன் தினமும் ஊற்றிய தண்ணீர். வேரில்லாத கிழங்கால் நீரைப் பெரிதாக உறிஞ்ச முடியாது, அது நீரில் கிடக்கத்தான் முடியும். நட்ட அன்று ஒரு முறை நனைத்ததோடு சரி. அதன்பின் இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால் மட்டும் 6 அங்குலத் தொட்டிக்கு அரை டம்ளர் தண்ணீர், அதுவும் ஓரமாக. முளை மண்ணுக்கு மேல் இரண்டு விரல்கடை எழுந்தபிறகுதான் வழக்கமான தண்ணீர்.

காப்பாற்ற முடியுமா? அழுகல் கிழங்கின் வால் பக்கம் இருந்து, கழுத்தும் கண்ணும் கெட்டியாக இருந்தால் முடியும். கத்தியைக் கொதிநீரிலோ சானிடைசரிலோ துடைத்துக்கொண்டு, உள்சதை வெள்ளையாகத் தெரியும்வரை வெட்டுங்கள். பழுப்புக் கோடு ஒன்றுகூட விடக் கூடாது. வெட்டுவாயில் கந்தகத் தூளோ காப்பர் ஆக்ஸிகுளோரைடு தூளோ தடவி, நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, புதுக் கலவையில் நடுங்கள். பழைய கலவையை அடுத்த தொட்டிக்குப் போடாதீர்கள். கழுத்தே கறுத்து மெத்தென்று போயிருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள், கண் போனபின் மிச்சமிருப்பதால் பயனில்லை.

முன்கூட்டியே காக்க, நடும்போது ஒரு தொட்டிக்கு 5 கிராம் டிரைக்கோடெர்மா விரிடியை (அழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சை) கலவையில் கலக்கலாம். ஆனால் அதையும் காப்பர் மருந்தையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. காப்பர், நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும். இடையில் பத்து நாளாவது விடுங்கள்.

கிழங்கு அழுகவில்லை, ஆனால் பாதி காணவில்லை என்றால் எலி. நார்க்கழிவுத் தொட்டி எலிக்குக் கிளறச் சுலபம். முளை வரும்வரை கொசுவலைக் கம்பித் துண்டால் மூடி வையுங்கள்.

அறிகுறி: முளை வந்தது, ஆனால் ஒல்லியாக நீண்டு சாய்கிறது

கணுவுக்குக் கணு இடைவெளி நான்கு விரல்கடைக்கு மேல், தண்டு வெளிறி, செடி ஜன்னல் பக்கம் வளைந்திருக்கிறது. வெளிச்சம் போதவில்லை. உரம் போட்டால் இன்னும் மோசமாகும், நீளம்தான் கூடும்.

எந்த ஜன்னல் என்பதைக் கவனியுங்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நமக்குச் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். டிசம்பர் கடைசியில் உச்சிப்பொழுதில்கூடத் தெற்கு வானில் 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஆகவே இந்தப் பருவத்தில் வடக்கு ஜன்னலில் நேர்வெயில் ஒரு கீற்றுகூட விழாது. தெற்குத் திண்ணைக்கு நாள் முழுக்க வெயில் வரும். கிழக்கு ஜன்னலில் காலை வெயில் மூன்று, நான்கு மணி நேரம் கிடைக்கும், இளம்முளைக்கு அது மிக நல்லது. மேற்கு ஜன்னல் கடைசித் தேர்வு.

நல்ல ஜன்னல் இல்லாத வீட்டில் 20 வாட் வெள்ளை எல்இடி குழல்விளக்கு போதும். விலையுயர்ந்த ஊதா விளக்கு தேவையில்லை. செடியின் நுனியிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 மணி நேரம் எரியவிடுங்கள். செடி வளர வளர விளக்கையும் ஏற்ற வேண்டும். கூரையில் இருக்கும் குழல்விளக்கு நமக்குப் படிக்கப் போதும், செடிக்குப் போதாது.

ஏற்கனவே நீண்டுவிட்ட செடியை என்ன செய்வது? நான்கு ஜோடி இலை வந்திருந்தால், மூன்றாவது ஜோடிக்கு மேலே நுனியைக் கிள்ளிவிடுங்கள். ஒவ்வொரு இலைக் கக்கத்திலிருந்தும் பக்கக் கிளை புறப்படும், செடி குட்டையாகப் புதர்க்கும். கிள்ளிய கொழுந்து 7, 8 செ.மீ. இருந்தால் வீணாக்காதீர்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக வெட்டி, அடி இலைகளை நீக்கி, ஈர மணலில் செருகி, மேலே வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து நிழலில் வைத்தால் இரண்டு, மூன்று வாரத்தில் வேர்விடும். ஒரு கிழங்கிலிருந்து நான்கைந்து முளை வந்தாலும் இதேதான்: வலுவான ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றவற்றைக் குச்சியாக்குங்கள். ஒரே கிழங்கில் ஐந்து தண்டு போட்டி போட்டால் ஐந்தும் நோஞ்சானாகத்தான் இருக்கும்.

அறிகுறி: இலை மஞ்சளடிக்கிறது

எந்த இலை, எப்படி மஞ்சள் என்பதில் விடை இருக்கிறது.

அடி இலை ஒன்றிரண்டு மட்டும் மஞ்சளாகி உதிர்கிறது, நுனி பச்சையாகத் தழைக்கிறது என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. அடி இலைகள் பலவும் ஒரே சீராக வெளிறி, செடியும் நின்றுபோய், தொட்டி கனமாக இருந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. தண்ணீரை நிறுத்தி, வடிதுளையில் குச்சி விட்டுப் பாருங்கள், அடைத்திருக்கும். தொட்டி லேசாக, மண் சரியாக இருந்தும் அப்படி வெளிறினால் தழைச்சத்துக் குறை. செடி 15 செ.மீ. உயரம் தாண்டியிருந்தால் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது) லிட்டருக்கு 1 கிராம், பத்து நாளுக்கு ஒரு முறை. கடலைப் புண்ணாக்கு 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்ததைப் பத்து மடங்கு நீர் சேர்த்தும் ஊற்றலாம். ஆனால் புண்ணாக்கை அப்படியே தொட்டியில் போடாதீர்கள், அது புளிக்கும்போது கிழங்கையும் சேர்த்து அழுகவைத்துவிடும்.

நுனி இலைகள் வெளிறி மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோலம் போட்டதுபோல் தெரிகிறதா? நம் இரண்டு மாவட்டத்திலும் நான் முதலில் சந்தேகப்படுவது இதற்குக் காரணமான போர் தண்ணீரைத்தான். இங்கே நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பது ஊரறிந்தது, அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் டேலியாவின் இலை வெளுக்கக் காரணம் பெரும்பாலும் அதே நீரில் இருக்கும் சுண்ணாம்புத் தன்மை. வாளியின் உள்பக்கமும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். அந்த நீரை ஊற்ற ஊற்றக் கலவை காரமாகிறது. மண்ணில் இரும்பு இருக்கும், நம் செம்மண்ணின் சிவப்பே இரும்புதான், ஆனாலும் காரத்தில் அது கரையாமல் வேருக்கு எட்டாது.

முதலில் தண்ணீரை மாற்றுங்கள். மழை நீர் எல்லாவற்றையும் விட நல்லது. செப்டம்பர், அக்டோபரில் ஒரு டிரம் பிடித்து மூடி வைத்தால் பத்துத் தொட்டிக்கு வெகுநாள் வரும். அடுத்தது குழாயில் வரும் காவிரி நீர், அதில் குளோரின் வாடை இருந்தால் ஓர் இரவு திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம். போர் தண்ணீர் தவிர வழியே இல்லையென்றால், மாதம் ஒரு முறையாவது மழை நீரையோ குடிநீரையோ தொட்டியின் கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு ஊற்றி, அடியில் வடியவிட்டு உப்பைக் கழுவுங்கள்.

இலைக்கு உடனடி மருந்து அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் முதலில் சிறிய எலுமிச்சம்பழம் ஒன்றின் சாறு, பிறகு 2 கிராம் அன்னபேதி. இந்த வரிசை முக்கியம். புளிப்பில்லாத தண்ணீரில் அன்னபேதியைப் போட்டால் சிறிது நேரத்தில் துருப்பிடித்த நிறமாகி அடியில் படிந்துவிடும், இலைக்கு ஒன்றும் போகாது. வெயில் சாய்ந்தபின் தெளித்து, பத்து நாள் கழித்து மறுமுறை. புதுக் கொழுந்து பச்சையாக வந்தால் சரி. ஏற்கனவே வெளுத்த இலை முழுதும் பச்சையாகாவிட்டாலும் பயப்பட வேண்டாம்.

இதே கோலம் அடி இலைகளில் தெரிந்தால் இரும்பு அல்ல, மக்னீசியம். மக்னீசியம் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், இரண்டு முறை தெளித்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. மஞ்சளும் பச்சையும் ஒழுங்கில்லாமல் திட்டுத் திட்டாக, இலை கோணிச் சிறுத்து, செடி குட்டையாக நின்றால் அது சத்துக் குறையல்ல, வைரஸ். அசுவினியும் இலைப்பேனும் பரப்பும். மருந்து கிடையாது, கிழங்குக்குள்ளும் போயிருக்கும். மனம் வராதுதான், ஆனாலும் கிழங்கோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். ஒன்றைக் காப்பாற்றப் பார்த்தால் வரிசையே போகும்.

அறிகுறி: செடி வாடித் தொங்குகிறது

மதியம் மட்டும் தொங்கி, மாலையில் நிமிர்ந்தால் வெயிலின் வேலை. பகல் 12 முதல் 3 வரை நிழல் கொடுங்கள். தொட்டி லேசாக இருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள், ஒரு மணி நேரத்தில் எழும்.

தொட்டி கனமாக இருந்தும் வாடினால் மறுபடி ஊற்றாதீர்கள். வேர் அழுகியிருக்கிறது. தண்டடி மண்ணைத் தொடும் இடத்தை விரலால் தடவுங்கள். கறுத்துச் சுருங்கியிருந்தால் செடியை எடுத்து, மேலே சொன்னபடி கிழங்கைப் பாருங்கள். கிழங்கு நன்றாக இருந்தால் தண்டை வெட்டிவிட்டு மறுபடி நட்டால் வேறொரு கண்ணிலிருந்து முளைக்கும். வேர் மட்டும் லேசாகப் பழுத்திருந்தால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கலந்து ஒரு முறை ஊற்றிக் காயவிடுங்கள்.

மண் சரி, தண்டடி சரி, இலை பச்சையாகவே இருக்கும்போது இரண்டு, மூன்று நாளில் செடி முழுதும் சரிந்துவிட்டதா? தண்டில் ஒரு விரல் நீளம் வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அசைக்காமல் பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் பால் நூல் போல ஒன்று இறங்கினால் பாக்டீரியா வாடல். தக்காளி, கத்தரி, மிளகாயை அழிக்கும் அதே நோய்தான். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி விளையும் நிலம் அதிகம். தொட்டிக்கு மண் வேண்டுமென்று அந்தக் கொல்லையிலிருந்து ஒரு கூடை அள்ளி வந்தால் நோயும் கூடவே வரலாம். தொட்டி மண்ணுக்குக் காய்கறி பயிரிடாத இடத்துச் செம்மண்ணாக எடுங்கள். நோய் வந்த செடி, மண் இரண்டையும் எருக்குழியில் போடக் கூடாது.

அறிகுறி: வெளியே வைத்த மறுநாளே இலை வெளுத்துக் கருகியது

வீட்டுக்குள் வளர்ந்த இலைக்கு நேர்வெயில் தாங்காது. பத்து நாள் பழக்க வேண்டும். முதல் மூன்று நாள் மரநிழல், அடுத்த மூன்று நாள் காலை ஒன்பது மணிவரை வெயில், பிறகு படிப்படியாகக் கூட்டுங்கள். 50 சத நிழல்வலை கட்டினால் வேலை எளிது. பசுமைக்குடில்கள் நிறைந்த ஓசூர்ப் பக்கம் அது மீட்டர் கணக்கில் கிடைக்கும். கருகிய இலையை உடனே வெட்டாதீர்கள், மீதிப் பச்சை இன்னும் உழைக்கும்.

12 அங்குலத் தொட்டிக்கு மாற்றுவதும் இப்போதுதான்: செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம் சமபங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள். முட்டுக்குச்சியை மாற்றும்போதே ஊன்றிவிடுங்கள். பிறகு குத்தினால் கிழங்கில் இறங்கும். டேலியாத் தண்டு உள்ளே குழல், ஒரு காற்றுக்கே மடங்கும்.

அறிகுறி: இலை சுருளுகிறது, புள்ளி விழுகிறது

இலையைத் திருப்பிப் பாருங்கள். மெல்லிய நூலாம்படையும் தூசி போன்ற ஊரும் புள்ளிகளும் இருந்தால் செஞ்சிலந்தி. காற்றோட்டமில்லாத, காய்ந்த அறையில்தான் பெருகும். மூன்று நாளுக்கு ஒரு முறை இலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பாதி ஒழியும். கொழுந்தில் கும்பலாகப் பச்சை, கறுப்புப் பூச்சி என்றால் அசுவினி. எறும்பு ஏறுகிறதென்றால் அசுவினியோ மாவுப்பூச்சியோ மேலே இருக்கிறது என்று அர்த்தம். இவை எல்லாவற்றுக்கும் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., கரைய 1 மி.லி. காதிச் சோப்புக் கரைசல், மாலையில், வாரம் ஒரு முறை, மூன்று வாரம். மண்ணிலிருந்து சின்னக் கறுப்பு ஈ பறந்தால் மேல்மண் எப்போதும் ஈரம் என்று பொருள். மேலே ஒரு விரல்கடைக்கு உலர்மணல் பரப்பித் தண்ணீரைக் குறையுங்கள்.

மார்கழி, தைப் பனியில் இலைமேல் திருநீறு தூவியதுபோல் படிந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் தெளித்தால் இலை வெந்துவிடும். உச்சி வெயிலிலும் கூடாது.

முக்கியமான ஒன்று: வீட்டிலோ பக்கத்திலோ பட்டுப்புழு வளர்ப்பு இருந்தால், எந்தத் தெளிப்பையும் புழு மனைக்கும் மல்பெரித் தோட்டத்துக்கும் காற்று போகாத திசையில், தள்ளி வைத்துச் செய்யுங்கள். வேப்பெண்ணெயும் பட்டுப்புழுவுக்கு ஆகாது. தெளித்த கையைக் கழுவாமல் மல்பெரி இலை பறிக்கக் கூடாது. நம் பக்கம் ஒரு வீட்டுத் தொட்டிச் செடிக்காக இன்னொரு வீட்டின் ஒரு மகசூல் போய்விடக் கூடாது.

அறிகுறி: முழம் உயரத்திலேயே மொட்டு வைத்துவிட்டது, பூவும் சிறுத்து நடு மஞ்சள் தெரிகிறது

உரக் குறை என்று நினைப்பார்கள். பெரும்பாலும் பகல் நீளம்தான் காரணம். டேலியா பகல் நீளத்தை அளக்கும் செடி. பகல் 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இலையும் தண்டும் போடும். அதற்குக் கீழே போனால் காலம் முடிகிறது என்று கணக்குப் போட்டு, அவசரமாக மொட்டு வைத்துவிட்டு, சத்தையெல்லாம் கிழங்குக்கு இறக்கும். நம் ஊரில் அக்டோபர் தொடக்கத்திலிருந்து மார்ச் தொடக்கம்வரை பகல் 12 மணிக்கும் குறைவு, டிசம்பர் கடைசியில் பதினொன்றரை மணிதான். குளிர் நாட்டில் கோடைக்கால 15, 16 மணிப் பகலில் வளரும் ரகத்தை இங்கே நவம்பரில் நட்டால் அது குழந்தைப் பருவத்திலேயே கிழவியாகிவிடுகிறது.

விளக்கு வைத்தால் இது மாறும். 9 வாட் எல்இடி பல்பு, மஞ்சள் வெளிச்சம் தருவது, செடிக்கு மேலே இரண்டரை அடி உயரத்தில். மாலை 5.30க்குப் போட்டு இரவு 9 மணிக்கு அணையுங்கள். இது செடி வளரப் போதுமான வெளிச்சமல்ல, பகல் இன்னும் முடியவில்லை என்று செடியை நம்பவைக்கும் வெளிச்சம். நடுவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று போடாமல், மொட்டு பட்டாணி அளவு வரும்வரை தினமும் போட வேண்டும். செடி ஆறு ஜோடி இலை எட்டுமுன் வரும் மொட்டுகளைக் கிள்ளி எறியுங்கள். விளக்கு வைக்க வசதியில்லாதவர்கள் ஆகஸ்ட் மாதமே கிழங்கை முளைக்க வைத்தால், பகல் குறையுமுன் செடி உடம்பு போட்டிருக்கும். ஓசூர், தளிக் குளுமைக்கு ஜூன், ஜூலையிலும் நடலாம், மழைக்குத் தாழ்வாரம் இருந்தால் போதும்.

செடி ஓங்கித் தழைத்தும் மொட்டே இல்லையென்றால் யூரியாவோ புண்ணாக்குத் தண்ணீரோ அதிகம். அதை நிறுத்தி 13:0:45 உரம் (சாம்பல் சத்து மிகுந்தது) லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒரு முறை. மொட்டு மூன்று மூன்றாக வந்தால் நடுமொட்டை விட்டு இரண்டு பக்கத்தையும் கிள்ளினால் பூ பெரிதாகும்.

மொட்டு விரியாமல் காய்ந்து உதிர்வது பிப்ரவரி கடைசியில், தருமபுரியில் வெயில் ஏறும்போது தொடங்கும். 32, 33 டிகிரிக்கு மேல் டேலியாவைப் பூக்கவைக்கப் போராட வேண்டாம். தண்ணீரைக் குறைத்து இலை பழுக்கவிடுங்கள். தண்டு காய்ந்தபின் தொட்டியைக் கவிழ்த்து, கிழங்குக் கொத்தை மண்ணோடு எடுத்து, தண்டை நான்கு விரல்கடை விட்டு வெட்டுங்கள். ரகத்தின் பெயரை எழுதி அந்தத் தண்டிலேயே கட்டிவிடுங்கள். நிழலில் இரண்டு நாள் ஆறவிட்டு, மண்பானையில் கொஞ்சமே ஈரமுள்ள மணலில் புதைத்து, வீட்டின் குளுமையான மூலையில் வைக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் மாதம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். சுருங்கத் தொடங்கினால் மணலில் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள், எதிலாவது மெத்தென்ற இடம் இருந்தால் அதை மட்டும் வெட்டி நீக்குங்கள். கொத்தைப் பிரிப்பது ஆகஸ்டில், கண்கள் புடைத்தபின். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிழங்கு, முறியாத கழுத்து, ஒரு கண்ணோடு சேர்ந்த தண்டடி இருக்கும்படி வெட்டுங்கள்.